எக்கொலஜி படிச்ச ஆக்களுக்கு வாத்தைத் தெரியேல்ல – நேச்சுரலிஸ்ட் எண்டு சொல்ல ஏன் வெக்கப்படுறம்?

வாடைக்காத்து (இழை தொடங்கினவர்):

கனநாளா மனசுக்குள்ள கிடந்த விசயம், ஒருக்கா இஞ்ச போட்டுப் பாப்பம். நான் எக்கொலஜியில, அதுதான் சூழலியலில, எம்எஸ்சி முடிக்கிற கட்டத்தில நிக்கிறன், எந்தக் கம்பஸ் எண்டது தேவையில்லை. அண்டைக்கு ஒரு பிரசென்டேசன், ஒரு பிள்ளை யாழ்ப்பாணக் கடல்நீரேரிக்கு வாற வலசைப் பறவையளைப் பற்றிக் கணக்கு மொடல் போட்டு விளங்கப்படுத்தினவ. வரைபடம், வளைவு எல்லாம் திறம், சும்மா சொல்லக்கூடாது. முடிவில ஒராள் கேட்டார், உதில ஊசிவால் வாத்து எண்டு போட்டிருக்கிறியள், அது முழுசா மூழ்கித் தின்னுறதோ இல்லாட்டி தலையை மட்டும் தண்ணிக்குள்ள விட்டு வாலைத் தூக்கிக்கொண்டு நிண்டு தின்னுறதோ எண்டு. பிள்ளைக்குத் தெரியேல்ல. டேட்டா முழுக்க இணையத்தில இருந்து இறக்கினது, அவவை ஆரும் அராலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவும் இல்லை.

அது சில்லறைக் கேள்வி இல்லை பாருங்கோ. ஊசிவால் வாலைத் தூக்கித் தின்னுற வாத்து, அதுக்கு கழுத்து எட்டுற ஆழம் மட்டுந்தான் சாப்பாடு, தண்ணி கூடினா பசிதான். அந்த மொடலில தண்ணி ஆழமே இல்லை! வெப்பநிலை இருக்கு, மழை இருக்கு, சனத்தொகை அடர்த்தி கூட இருக்கு.

1927ல சார்ள்ஸ் எல்டன் எண்ட இங்கிலாந்து விலங்கியலாளர் எக்கொலஜியை விஞ்ஞானமாக்கின இயற்கை வரலாறு எண்டுதான் சொன்னவர், இயற்கை வரலாறு எண்டா உயிரினங்களை அதுகள் இருக்கிற இடத்திலயே பாத்துக் குறிக்கிற படிப்பு. இப்ப விஞ்ஞானம் நிக்குது, மற்றது எங்க போட்டுது? "நான் குவான்டிடேட்டிவ் எக்கொலஜிஸ்ட்" எண்டா தலையாட்டுவினம், "நான் நேச்சுரலிஸ்ட்", அப்பிடிப் பாத்துக் குறிக்கிற ஆள், எண்டா ஏதோ பென்சன் எடுத்த ஆளின்ர பொழுதுபோக்கு மாதிரிப் பாக்கினம். உங்கட அபிப்பிராயம் என்ன?

டொரொண்டோக் கணக்கன்:

தம்பி நான் புள்ளிவிபரக்காரன், அதால நான் எந்தப் பக்கம் எண்டு உனக்கு முதலே விளங்கியிருக்கும். அந்தப் பிள்ளை ஆழத்தை விட்டது பிழைதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா நேச்சுரலிஸ்ட் எண்டு சொல்லுற ஆக்களிட்ட நான் கண்ட வியாதி ஒண்டிருக்கு, "நான் பாத்தனான்" எண்டா கதை முடிஞ்சுதாம். எத்தினை தரம் போய் ஒண்டும் காணாமல் வந்தனீ? எவ்வளவு நேரம் நிண்டனீ? போகாத இடத்தில இல்லை எண்டு எப்பிடித் தெரியும்? ஒருத்தரும் எழுதி வைக்கிறேல்ல. ரோட்டுக்கரையிலயும் பாலத்தடியிலயும் மட்டும் நிண்டு எண்ணிப்போட்டு "யாழ்ப்பாணம் பண்ணைப் பக்கம் நாரை கூடிப்போச்சு" எண்டால், கூடினது நாரையோ கமரா வாங்கின ஆக்களோ?

கோப்பாய்க் குசும்பன்:

கமராதான் 😂 ஞாயிற்றுக்கிழமை பண்ணைப் பாலத்தடியில பூநாரையை விட லென்ஸ் கூட நிக்குது.

வாடைக்காத்து:

கணக்கன் அண்ணை, நீங்கள் சொல்லுற குறை உண்மை, ஆனா அது குறிப்பு ஒழுங்கா எழுதாததின்ர குறை, பாக்கிறதின்ர குறை இல்லை. உங்கட ஆக்களிலயே ஒரு உதாரணம் தாறன். ரொபர்ட் மக்ஆர்தர், முதல்ல கணக்குப் படிச்ச ஆள், எக்கொலஜியில தியறி எண்டா அவற்ற பெயர் வராம முடியாது. அவர் 1958ல போட்ட பேப்பர் என்ன? ஸ்ப்ரூஸ் காட்டில ஒரே மரத்தில ஒரே மாதிரிப் பூச்சி தின்னுற அஞ்சு சின்னக் குருவி, எப்பிடி ஒண்டையொண்டு கலைக்காம சீவிக்குது எண்டது. மரத்தைப் பகுதி பகுதியாப் பிரிச்சு எந்தக் குருவி எந்தப் பகுதியில எத்தினை செக்கன் நிக்குது எண்டு நிண்டு எண்ணினவர். ஒண்டு உச்சியில, ஒண்டு நடுவில, ஒண்டு அடியில. இப்ப எல்லாரும் படிக்கிற தியறி அண்ணாந்து பாத்த கழுத்து நோவில இருந்து வந்தது.

ரொபர்ட் பெய்ன் எண்ட எக்கொலஜிஸ்ட்டும் அப்பிடித்தான். கற்பாறைக் கரையில நட்சத்திரமீன் என்ன தின்னுது எண்டு பாத்து, பிறகு அதைப் பிடுங்கி எறிஞ்சு பாத்தவர், மட்டி முழுக்கப் பாறையைப் பிடிச்சு 15 இனம் இருந்த இடத்தில 8தான் மிஞ்சினது. 1966. நட்சத்திரமீனின்ர வாய்க்குள்ள என்ன இருக்கு எண்டு குனிஞ்சு பாக்காதவனுக்கு அந்தப் பரிசோதனை மனசிலயே வந்திராது. கேள்வி வாற இடம் அதுதான் அண்ணை. மொடல் பதிலைத் தரும், கேள்வியைத் தராது.

பென்சன் மாஸ்ரர்:

பிள்ளையள், நான் ஏஎல் விலங்கியல் படிப்பிச்ச ஆள். டைப் பண்ணுறது மெதுவு, பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கட காலத்தில ஆய்வுகூடத்தில ஒரு அலுமாரி முழுக்கப் போத்தல் இருந்தது, போமலினுக்குள்ள சுருட்டைப் பாம்பு, கடற்குதிரை, அட்டை, நண்டு எண்டு. எனக்குப் படிப்பிச்ச சேர் ஒருநாள் ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டிக் கேட்டார், இது என்ன எண்டு. நாங்கள் பெயர் சொன்னம். இல்லை, இது குப்பை எண்டார், ஏனெண்டால் அதின்ர லேபல் கழண்டு விழுந்திட்டுது. எங்க பிடிச்சது, எப்ப பிடிச்சது, ஆர் பிடிச்சது, மூண்டும் இல்லாட்டி செத்த பாம்பு மட்டுந்தான் மிச்சம். லேபல் எழுத அவர் கறுத்த இந்தியன் மையும் பென்சிலும்தான் விடுவார், போல்பொயின்ற் கரைஞ்சு போடும். அந்த அலுமாரி 95 இடம்பெயர்வோட என்ன ஆனது எண்டு தெரியாது, என்ர கொப்பியளும் அப்பிடித்தான் போனது. எத்தினை வீட்டில எத்தினை பேற்ற கொப்பி போயிருக்கும் எண்டு நினைச்சுப் பாருங்கோ.

பழைய சேகரிப்பால என்ன பிரயோசனம் எண்டு கேக்கிற ஆக்களுக்கு ஒண்டு. இங்கிலாந்தில முட்டை சேக்கிற பைத்தியங்கள் இருந்தவை, எல்லாரும் பழிச்சவை. 1967ல டெரெக் ராட்கிளிஃப் எண்டவர் அந்தப் பழைய முட்டைக் கோதுகளையும் புதுசுகளையும் நிறுத்தும் அளந்தும் பாத்து, 1940களின்ர கடைசியில இருந்து வல்லூறின்ர முட்டைக்கோது மெல்லிசாப் போனதைப் பிடிச்சார். டிடிரி (DDT) பூச்சி மருந்தின்ர கதை அதால வெளிச்சத்துக்கு வந்தது. சேத்தவனுக்கு அது எதுக்கு உதவும் எண்டு கனவிலும் தெரிஞ்சிராது.

இப்பத்தையப் பிள்ளையளைக் குறை சொல்லி வேலையில்லை. கம்பஸுக்கு எடுபடுறதுக்கான இசட் ஸ்கோர் எண்ட பேய் தோளில ஏறி இருக்கேக்க ஆர் அண்ணாந்து பனையைப் பாப்பினம்? நான் கடைசியாப் படிப்பிச்ச வருசம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போய் தூக்கணாங்குருவிக் கூடு தொங்கிற பனையடியில நிப்பாட்டினனான். சில கூடு முழுசு, சிலது அரைகுறை, ஹெல்மெட்டைக் கவிட்ட மாதிரி. ஏன் அரைகுறை எண்டு கேட்டன். காத்துக்குப் பிஞ்சது எண்டினம், காகம் பிச்சது எண்டினம். ஆண்குருவி அந்த அளவுக்குக் கட்டிப்போட்டு நிப்பாட்டும், பெண் வந்து உள்ளுக்கு இருந்து இழுத்துப் பாக்கும், பிடிச்சாத்தான் மிச்சத்தைக் கட்டி வாசல் குழாயைத் தொங்கவிடும், பிடிக்காட்டி அது அப்பிடியே கிடக்கும் எண்டு சொன்னன். ஒரு பெட்டை உடன கேட்டாள், "சேர் அப்ப பிடிக்காமல் விட்ட கூட்டையும் பிடிச்ச கூட்டையும் அளந்து பாத்தா வித்தியாசம் தெரியுமோ?" பாருங்கோ, அது ஒரு ஆராய்ச்சிக் கேள்வி, ஏஎல் புத்தகத்தில இல்லை.

பூநகரிப் பெட்டை:

மாஸ்ரர் 🙏

நான் நுளம்புக் கட்டுப்பாட்டு வேலையில இருக்கிறன், எங்கட பக்கத்துக் கதை ஒண்டு சொல்லுறன். டெங்கு பரப்புற ஈடிஸ் நுளம்பு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும் எண்டு நாங்கள் எல்லாரும் படிச்சது, போஸ்டரில அடிச்சது. யாழ்ப்பாணத்திலயும் மட்டக்களப்பிலயும் கரையோரமாக் குப்பையில கிடந்த பிளாஸ்ரிக் கோப்பை, உடைஞ்ச வள்ளம், கிணறு எண்டு தேடிப் பாத்த ஆராய்ச்சியாளர்மார், உவர்த்தண்ணிக்குள்ள ஈடிஸ் புழு வளருறதைக் கண்டு 2011ல எழுதிச்சினம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆக்களும் அதில இருந்தவை. "உப்புத்தண்ணியில இராது" எண்டு நம்பினவன் அந்தக் கோப்பையைக் குனிஞ்சு பாத்தே இருக்க மாட்டான்.

இன்னொண்டு. 2016ல மலேரியா இல்லாத நாடு எண்டு எங்களுக்கு சேர்ட்டிபிக்கேட் கிடைச்சுது. அடுத்த வருசமே மன்னாரில அனொபிலிஸ் ஸ்டிஃபென்சை எண்ட இந்தியாவில ரவுண் பக்கம் மலேரியா பரப்புற நுளம்பு இருக்கெண்டு அறிக்கை வந்தது, பிறகு யாழ்ப்பாணத்திலயும் பிடிபட்டுது. கிணத்துக்குள்ள இருந்து எடுத்த புழு, இது வழமையானது இல்லையே எண்டு ஆரோ ஒராளின்ர கண் சொல்லியிருக்கு. அதுக்குப் பிறகுதான் டிஎன்ஏ. முதல்ல சந்தேகப்பட ஒரு கண் வேணும், அந்தக் கண்ணுள்ள ஆக்கள் பென்சன் எடுக்க எடுக்க அந்த இடத்துக்கு ஆளே எடுக்கிறாங்கள் இல்லை.

டொரொண்டோக் கணக்கன்:

சரி தங்கச்சி, நல்ல உதாரணம். ஆனா குனிஞ்சு பாத்து ஒண்டும் காணாமல் வந்த ஆயிரம் பேற்ற கதை இதில வராதெண்டதையும் சேத்து யோசியுங்கோ.

நான் எதிர்க்கிறது பாக்கிறதை இல்லை, முறையில்லாமல் பாக்கிறதை. கலிஃபோர்னியாவில ஜோசப் கிரின்னெல் எண்டவர் 1914ல இருந்து 1920 வரைக்கும் யோசமிற்றிப் பக்கம் மலை அடியில இருந்து உச்சி மட்டும் ஒரு கோடு பிடிச்சு ஏறி, எத்தினை பொறி வைச்சம், எந்த இரவு, என்ன விழுந்தது, என்ன விழேல்ல எண்டு எல்லாம் எழுதி வைச்சவர். விழாததையும் எழுதினவர், அதைக் கவனியுங்கோ. ஏறக்குறைய நூறு வருசம் கழிச்சு அதே இடங்களில திரும்பப் பொறி வைச்சு 2008ல வந்த பேப்பரில 28 சின்ன முலையூட்டி இனத்தில அரைவாசி சராசரி 500 மீற்றர் அளவுக்கு மேல ஏறிப் போயிருந்தது எண்டு காட்டினவை. கிரின்னெல் காலநிலை மாற்றத்துக்கு எண்டு எழுதேல்ல. அப்பிடி எழுதுற நேச்சுரலிஸ்ட் எண்டா நான் காலில விழுவன்.

தொண்டைமானாத்தான்:

அப்ப எங்களுக்கு அந்தக் கோடே இல்லையே அண்ணை, அதுதானே பிரச்சினை. 80கள், 90களில வலிவடக்கு உயர்பாதுகாப்பு வலயம், சுண்டிக்குளம், நாகர்கோவில் எண்டு எந்தப் பக்கம் போய் ஆர் எண்ணினது? சண்டை நேரம் பைனாக்குலரோட கடல்கரையில நிண்டா என்ன நடந்திருக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு தலைமுறை நேச்சுரலிஸ்ட் எங்களுக்கு உருவாகவே இல்லை, அக்கறை இல்லாததால இல்லை, ஏலாததால.

நான் விவசாயப் போதனாசிரியர். பாத்தீனியம் எண்ட களைச்செடியைப் பாருங்கோ. 87ல இந்திய இராணுவம் கொண்டுவந்த ஆடுகளோட வந்தது எண்டுதான் பெரும்பாலும் சொல்லுறது. இலங்கையில முதல் பதிவு 99ல, வவுனியாவில. இடையில பத்துப் பன்னிரண்டு வருசம் அது சும்மாவோ இருந்திருக்கும்? கரட் இலை மாதிரி இலையும் சின்னன் சின்னனா வெள்ளைப் பூவுமா ரோட்டுக்கரையில நிண்டிருக்கும், ஆராவது வயசுபோன ஆச்சி கை கடிக்குதெண்டு சொறிஞ்சிருப்பா. இது புதுச் செடி எண்டு தெரிஞ்ச ஒரு தாவரவியல்காரன் சைக்கிளில அந்தப் பக்கம் போயிருந்தா பிடுங்கிற அளவில இருக்கேக்கயே பிடுங்கியிருக்கலாம். இப்ப வெங்காயத் தறைக்குள்ளயும் வந்திட்டுது.

கோப்பாய்க் குசும்பன்:

பிடுங்கின கையோட ஃபோட்டோ எடுத்து பேஸ்புக்கில போட நாங்கள் இருக்கிறம் தானே. செடியின்ர ஃபோட்டோ இல்லை, கைக்குக் குடுத்த சேர்ட்டிபிக்கேட்டின்ர ஃபோட்டோ.

களங்கட்டிக்காரன்:

நான் களங்கட்டி போட்டு மீன் பிடிக்கிற, படிக்காத ஆள், மகளின்ர போனில எழுதுறன். நீங்கள் எல்லாரும் கதைக்கிறது விளங்குது. எங்கட பக்கம் கம்பஸில இருந்து பிள்ளையள் வருவினம், கேள்வித்தாளோட. உங்கட மாத வருமானம் எவ்வளவு, வலை என்ன வலை, மீன் குறைஞ்சிட்டுதோ கூடிட்டுதோ ஒண்டுக்குப் புள்ளடி போடுங்கோ எண்டு. போடுறம். ஓரா மீன் எங்க மேயிது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. சாதாழை, அதுதான் கடலடிப் புல், எங்க அடர்த்தி, எங்க அழுகிப்போச்சு எண்டு எனக்குத் தெரியும், ஏனெண்டால் ஓரா அதை விட்டிட்டு வேற இடம் போகாது. வாடை மழை விழுந்து தண்ணியில உப்புக் குறையேக்க இறால் எந்த வாய்க்கால் பக்கமா இறங்கும், எந்த நிலவுக்குக் கூட விழும், சோளகக் காத்தில ஏன் விழாது எண்டதெல்லாம் எங்கட அப்புவின்ர காலத்தில இருந்து தெரியும். நாங்கள் எழுதேல்ல, நீங்கள் கேக்கேல்ல.

இன்னொண்டு, எங்களிட்ட கேட்டு எழுதின புத்தகத்தில எங்கட ஊர்ப் பெயராவது போடுங்கோ. உள்ளூர் மீனவர் ஒருவர் எண்டு போட்டிருந்தது. எனக்குப் பெயர் இல்லையோ?

வாடைக்காத்து:

அண்ணை நீங்கள் எழுதினது எனக்குச் சுடுது. எங்கட துறையில புள்ளடி டேட்டாதான் பேப்பராகும், "ஓரா எங்க மேயிது" எண்டது பேப்பராகாது, ஜேர்னல்காரன் புதுமை எங்க எண்டு கேப்பான். அதுதான் நான் தொடங்கின கதையும். அமெரிக்காவிலயே 1950களில உயிரியல் பட்டத்துக்கு இயற்கை வரலாற்றுப் பாடம் ரெண்டாவது கட்டாயமா இருந்ததாம், இப்ப பெரும்பாலான இடத்தில ஒண்டும் இல்லை. அவங்களிட்டயாவது பழைய நூதனசாலை நிறையச் சேகரிப்பு கிடக்கு, எங்களிட்ட அதுவும் இல்லை.

என்ர கருத்து இதுதான்: எக்கொலஜி டிகிரியில ஒரு வருசம் முழுக்க ஒரே இடத்துக்குப் போய் வந்து எழுதின வயல் கொப்பிக்கு மார்க்ஸ் வேணும், ஆய்வறிக்கை அளவுக்கு. சரசாலைக் குருவிக்காடோ, மணற்காட்டு மணல்மேடோ, வழுக்கியாத்துக் கரையோ, ஏதோ ஒண்டு. காணாததையும் எழுதோணும், கணக்கன் அண்ணைக்காக.

பூநகரிப் பெட்டை:

நல்லது, ஆனா அந்தக் கொப்பியோட விடிய அஞ்சரைக்கு மணற்காட்டில தனிய நிக்கப்போறது ஒரு பெட்டைப்பிள்ளை எண்டால் என்ன செய்யிறது எண்டும் சேத்துச் சொல்லுங்கோ. நான் கிணத்துக்குள்ள எட்டிப்பாக்கப் போற ஊரில எல்லாம் முதல் கேள்வி "பிள்ளை ஆற்ற மகள், ஏன் தனிய வந்தனீ", ரெண்டாவது கேள்வி கலியாணம். நேச்சுரலிஸ்ட் எண்டா உங்கட மனசில வாற படம் என்ன? பெரிய லென்ஸ், காக்கித் தொப்பி, ஜீப், ஆம்பிளை. கொழும்பில இருந்து சஃபாரிக்கு வாறவை. அந்தப் படத்தை மாத்தாமல் பாடத்தை மட்டும் மாத்தி வேலையில்லை. ரெண்டு ரெண்டு பேரா அனுப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும், பஸ் காசும் குடுக்கோணும்.

தொண்டைமானாத்தான்:

பிள்ளை சொன்னது சரி. அதோட ஒரு முக்கியமான விசயம், ஆர்வக்கோளாறில ஆரும் பூச்சி பாம்பு செடி எண்டு பிடிச்சுப் போத்தலில போடாதேங்கோ. 1937ம் ஆண்டுத் தாவர விலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, வனசீவராசிகள் திணைக்களத்திட்ட அனுமதி எடுக்காமல் சேகரிச்சா வழக்கு. ஃபோட்டோ, சத்தம், குறிப்பு மூண்டும் காணும். முகமாலைப் பக்கம் போறவை மிதிவெடிச் சிவப்பு போர்ட் கண்டா ஒரு அடியும் உள்ளுக்கு வைக்காதேங்கோ, குருவி பிறகும் வரும்.

பென்சன் மாஸ்ரர்:

சத்தம் எண்டதும் ஒண்டு ஞாபகம் வருது. தீபால் வரகாகொட எண்டவர் பறவைச் சத்தம் பதியிற மனுசன். 1995ல தென்மேற்கு மழைக்காட்டில தனக்குத் தெரிஞ்ச ஒரு பறவையோடயும் பொருந்தாத கூவல் ஒண்டைக் கேட்டார். விடேல்ல, தேடித் தேடி 2001 ஜனவரியில ஆளைக் கண்டார், 2004ல புது இனம் எண்டு விபரிச்சவை. செந்நிறச் சின்ன ஆந்தை, இலங்கையில மட்டும் இருக்கிறது. இருக்கிற அவ்வளவு ஆந்தைச் சத்தமும் காதில இருந்தால்தான் இது இல்லாத சத்தம் எண்டு தெரியும். அதுக்கு எந்த ஆப் இருக்கு?

டொரொண்டோக் கணக்கன்:

மெர்லின் இருக்கு மாஸ்ரர் 🙂 ஆனா அதுக்கும் அவர் மாதிரி ஆக்கள் பதிஞ்ச சத்தம் இல்லாட்டி ஒண்டும் தெரியாது, ஒத்துக்கொள்ளுறன். ஆனா ரெக்னொலொஜியை முழுக்கத் தள்ளவும் வேண்டாம், மன்னாரில கொழும்புப் பல்கலைக்கழக ஆக்கள் ஜிபிஎஸ் போட்டுவிட்ட கடற்காகம் ஆர்க்டிக் ரஷ்யா மட்டும் போனதை எந்தக் கொப்பியும் சொல்லியிராது.

சரி, சண்டை காணும். ஆராவது கொப்பி தொடங்கினா நான் ஒரு ஃபோர்ம் செய்து தாறன், தமிழில, ஒரு பக்கம். திகதி, தொடங்கின நேரம், முடிச்ச நேரம், காத்து, தண்ணி மட்டம், கண்டது, தேடியும் காணாதது. கடைசியில ஒரு பெரிய வெறும் கட்டம், அதுக்குள்ள என்ன வேணுமெண்டாலும் எழுதலாம்.

வாடைக்காத்து:

வெறும் கட்டத்தை இன்னும் பெருசா விடுங்கோ அண்ணை. மேல களங்கட்டி அண்ணைக்கு ஒரு வரி, சொன்னவற்ற பெயர் எண்டு.

களங்கட்டிக்காரன்:

நல்லது தம்பி. ஒண்டு கேக்கோணும், இவ்வளவு பேர் நிக்கிறியள் தானே. நேற்று வலைப் பக்கம் ஒரு குருவி, வெள்ளையும் கறுப்பும், கொக்கை விடச் சின்னன், நல்ல தடிச்ச கறுத்த சொண்டு, நண்டைப் பிடிச்சு அடிச்சு அடிச்சுத் தின்னுது. நாங்கள் வழமையாக் காணுறது இல்லை. என்ன அது?

வாடைக்காத்து:

கால் என்ன நிறம் அண்ணை? ரோஸ் நிறமா மெல்லிய நீட்டுக் கால் எண்டால் அது நெடுங்கால் உள்ளான், ஆனா அதுக்குச் சொண்டு ஊசி மாதிரி இருக்கும். நீலச் சாம்பல் கால், சொண்டு தடிப்பு எண்டால் நண்டு தின்னி உள்ளானா இருக்கலாம், மணலுக்குள்ள வளை தோண்டி முட்டை போடுற ஆள், கரைப்பறவையளில அப்பிடிச் செய்யிறது அது ஒண்டுதான். எனக்கு உடன வரோணும் போல கிடக்கு.

டொரொண்டோக் கணக்கன்:

எத்தினை நிண்டது? எத்தினை மணிக்கு? தண்ணி வத்தோ பெருக்கோ?

களங்கட்டிக்காரன்:

மூண்டு நிண்டது. வத்து. கால் நீலம்தான் போல, சேறு பிரண்டு கிடந்தது, நாளைக்கு வடிவாப் பாத்துச் சொல்லுறன். மணி பாக்கேல்ல, வலை இழுத்துக்கொண்டு நிக்கேக்க ஆர் மணி பாக்கிறது.